அச்சு ஒன்று, எறி வேறு: வட்டின் நெகிழி செய்யும் வேலை

கைத்தொலைபேசிக்கு உறை வாங்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வகை உறை கண்ணாடிபோல் வழவழப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். இன்னொரு வகை ரப்பர்போல் வளைந்து, விரலோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே அளவு, ஒரே வடிவம். ஆனாலும் வியர்த்த கையிலிருந்து எது நழுவும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்தச் சிறிய வேறுபாடுதான் டிஸ்க் கோல்ஃப் என்ற விளையாட்டில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது.

டிஸ்க் கோல்ஃப், கோல்ஃபைப் போன்றதே. பந்துக்குப் பதில் நெகிழி வட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் உலோகக் கூடை. மிகக் குறைந்த எறிகளில் வட்டைக் கூடைக்குள் போடுபவரே வெற்றியாளர். இதற்கான முதல் நிரந்தரத் திடல் 1975-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், ஓக் குரோவ் பூங்காவில் அமைந்தது. அதை வடிவமைத்த எட் ஹெட்ரிக் என்பவரே சங்கிலிக் கூடையையும் உருவாக்கி, 1977-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

தூரத்திற்கு எறிய ஒரு வகை வட்டு, கூடைக்கு அருகிலிருந்து எறிய இன்னொரு வகை வட்டு. இந்த இரண்டாவது வகையை ஆட்டக்காரர்கள் 'பட்டர்' என்பார்கள். அதன் விளிம்பு உருண்டையாகவும் தடிப்பாகவும் இருக்கும். அது மெதுவாக, நேராகப் பறக்கும். கடைக்குப் போனால் ஒரே பெயர், ஒரே வடிவம் கொண்ட பட்டர் இரண்டு மூன்று வகை நெகிழியில், வெவ்வேறு விலையில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். எதை வாங்குவது? விலை கூடியதே சிறந்தது என்று புதியவர்கள் நினைப்பது இயல்பு. அறிவியல் வேறு விதமாகச் சொல்கிறது.

கூடுதல் விலை எதற்கு?

எடுத்துக்காட்டாக, இன்னோவா நிறுவனத்தின் 'ஏவியார்' என்ற புகழ்பெற்ற பட்டரைப் பார்ப்போம். அது 'டிஎக்ஸ்' என்ற மலிவான நெகிழியிலும், 'ஸ்டார்', 'சாம்பியன்' போன்ற விலை கூடிய நெகிழிகளிலும் கிடைக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் இப்படி மலிவு வகை, உயர் வகை எனப் பிரித்தே விற்கிறது. சரியான கலவை அவரவர் தொழில் இரகசியம். ஆனால் உயர் வகைகளின் அடிப்படைப் பொருள் பெரும்பாலும் வெப்ப இளகு பாலியூரித்தேன். வளைந்து கொடுக்கும் கைத்தொலைபேசி உறைகள் பலவும் இதே பொருள்தான்.

பாலியூரித்தேனை 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பாயரும் அவருடைய குழுவினரும் உருவாக்கினர். அதன் மூலக்கூறு ஒரு நீண்ட கயிறு போன்றது. அந்தக் கயிற்றில் மென்மையான பகுதிகளும் கடினமான பகுதிகளும் மாறி மாறி வரும். மென்மையான பகுதி நீண்டு சுருங்கும். கடினமான பகுதிகள் பக்கத்துக் கயிறுகளின் கடினப் பகுதிகளோடு சேர்ந்து முடிச்சுப் போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். அதனால் இழுத்தாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். கல்லில் உரசினாலும் எளிதில் தேயாது. முடிச்சுகளின் விகிதத்தைக் கூட்டினால் பொருள் விறைக்கும், குறைத்தால் மென்மையாகும்.

ஆக, நாம் கொடுக்கும் கூடுதல் விலை முதன்மையாக நீடித்த உழைப்புக்குத்தான். மரத்திலும் கல்லிலும் வேகமாக மோதும் தூர வட்டுக்கு அது தேவை. பத்து மீட்டருக்குள் மெதுவாக எறியும் பட்டருக்கு?

விரல் நுனியில் ஒரு பாகை

டிஸ்க் கோல்ஃப் விதிகளில் 10 மீட்டர் என்பது முக்கியமான எல்லை. அந்த வட்டத்துக்குள் நின்று எறிபவர், எறிந்த பிறகும் சமநிலையோடு நிற்க வேண்டும். வட்டைத் தொடர்ந்து முன்னால் காலெடுத்து வைக்கக்கூடாது. அந்தத் தூரத்திலிருந்து கூடையைப் பார்த்தால் சங்கிலித் தொகுதியின் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர்தான்.

இப்போது ஒரு சிறிய கணக்கு. எறியும் திசை ஒரு பாகை விலகினால், 10 மீட்டர் தூரத்தில் வட்டு 17 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். இரண்டு பாகை விலகினால் 35 சென்டிமீட்டர். அப்போது வட்டு சங்கிலியின் ஓரத்தை மட்டும் உரசிவிட்டு வெளியே விழலாம்.

எறியும்போது கை நேர்கோட்டில் போவதில்லை, வில்போல் வளைந்து போகிறது. அந்தத் திசை நொடிக்கு 500 பாகை மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாகைப் பிழைக்கு எவ்வளவு தாமதம் போதும்? நொடியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு குறைவு!

அந்த நுண்ணிய நேரத்தைத் தீர்மானிப்பது விரலுக்கும் விளிம்புக்கும் இடையிலான உராய்வு. மென்மையான நெகிழி, விரல் அழுத்தும் இடத்தில் சற்றே அமுங்கி, தோலின் மேடு பள்ளங்களோடு பொருந்துகிறது. உண்மையில் தொட்டுக்கொள்ளும் பரப்பு கூடுகிறது, பிடியும் கூடுகிறது. விறைப்பான, வழவழப்பான நெகிழியில் தோலின் மேடுகள் மட்டுமே தொடும். பிடி குறைவதால் நாம் நம்மை அறியாமலே இறுக்கிப் பிடிக்கிறோம். இறுக்கிய விரல் ஒவ்வொரு முறையும் ஒரே கணத்தில் விடுவதில்லை. வலக்கையால் உடலின் இடப்பக்கத்திலிருந்து எறிபவர் தாமதமாக விட்டால் வட்டு வலப்பக்கம் போகும், முந்தி விட்டால் இடப்பக்கம் போகும்.

கைதேர்ந்த ஆட்டக்காரர்களில் பலர் பட்டருக்கு மட்டும் மலிவு நெகிழியையே தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான். அது சீக்கிரம் தேயும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி கையைவிட்டுப் போகும்.

குளிரும்போது மாறும் வடிவம்

ஒரே அச்சில் வார்த்தால் வடிவமாவது ஒன்றாக இருக்குமா? அதுவும் இல்லை. உருகிய நெகிழியை அச்சுக்குள் அழுத்தி, குளிரவைத்து எடுக்கிறார்கள். குளிரும்போது நெகிழி சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். 21 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டில் ஒரு விழுக்காட்டு வேறுபாடு என்றாலே 2 மில்லிமீட்டர் ஆகிவிடும்.

வட்டின் நடுப்பகுதி மெல்லியது, விளிம்பு தடித்தது. மெல்லிய பகுதி முதலில் குளிர்ந்து இறுகிவிடும். தடித்த விளிம்பு பிறகுதான் குளிரும். அது சுருங்கும்போது நடுப்பகுதியை எல்லாப் பக்கமும் உள்நோக்கி நெருக்கும். போக இடமில்லாமல் நடுப்பகுதி மேல்நோக்கிப் புடைக்கும். ஒரே பெயருள்ள வட்டுகளில் சில தட்டையாகவும் சில குவிந்தும் இருப்பதற்கு இது ஒரு காரணம். குவிந்த வட்டு பொதுவாகக் காற்றில் சற்று அதிக நேரம் மிதக்கும்.

விளிம்பின் முனை எந்த உயரத்தில் அமைகிறது என்பதும் முக்கியம். மேலிருந்து பார்க்கும்போது வலமாகச் சுழலும் வட்டு, வேகம் குறையக் குறைய இடப்பக்கம் சாயும். ஏன்? மெதுவாகும்போது காற்று அதன் முன்விளிம்பை மேலே தூக்க முயல்கிறது. ஆனால் சுழலும் பொருள், தள்ளிய இடத்தில் அசையாது. சுழற்சியின் திசையில் கால் வட்டம் தள்ளியே அசையும். அதனால் முன்பக்கத்துக்குப் பதில் வலப்பக்கம் உயர்ந்து, வட்டு இடப்பக்கம் சாய்கிறது. விளிம்பின் முனை உயரமாக இருந்தால் இந்தச் சாய்வு கூடும், தாழ்ந்திருந்தால் குறையும். மலிவு நெகிழி அடிபட்டுத் தேயும்போது முனையின் வடிவமும் மாறுகிறது. முதலில் இடப்பக்கம் சாய்ந்த வட்டு, நாளாக ஆக நேராகவும் பிறகு வலப்பக்கமும் போகத் தொடங்கும்.

ஆனால் 10 மீட்டர் எறியில் வட்டு காற்றில் இருப்பது ஏறத்தாழ ஒரு நொடிதான். அதற்குள் வடிவ வேறுபாடு பெரிதாகத் தலைகாட்டாது. அங்கே கைதான் முக்கியம். 40, 50 மீட்டர் எறியும்போதுதான் வடிவம் பேசத் தொடங்கும்.

வெயிலும் வியர்வையும்

நம் ஊரைப் போன்ற வெப்பமான, ஈரம் மிகுந்த இடத்தில் இன்னும் இரண்டைக் கவனிக்க வேண்டும். வெப்பத்தில் நெகிழி இளகும், குளிரில் விறைக்கும். குளிர்நாட்டில் அளவாகத் தோன்றும் மென்மை நம் மதிய வெயிலில் துவண்டு போகலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வட்டை விட்டுவந்தால் அது கோணிப்போகவும் கூடும். அடுத்தது வியர்வை. தோலுக்கும் நெகிழிக்கும் இடையே நீர்ப்படலம் வந்தால், எவ்வளவு மென்மையான நெகிழியும் பிடியை இழக்கும். இங்கே விலை கூடிய வட்டைவிட ஒரு சிறிய துண்டுத் துணி அதிகம் உதவும்.

சரி, எதை வாங்கலாம்? கூடைக்கு அருகில் எறிய, கைக்குப் பிடித்த மலிவு வகை. அதே பட்டரைத் தூரத்திற்கும் எறிய வேண்டுமென்றால் அதற்கென உயர் வகையில் இன்னொன்று. பலர் இப்படித்தான் இரண்டு வைத்திருக்கிறார்கள். விலைச்சீட்டைப் பார்க்கும் முன் வட்டைக் கையில் எடுத்துப் பிடித்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு பலகை, விறைப்பான நெகிழி மூடி ஒன்று, வளையும் கைத்தொலைபேசி உறை ஒன்று, பாகைமானி.

1. மூடியைப் பலகையில் வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். மூடி நழுவத் தொடங்கும் கோணத்தைக் குறியுங்கள்.
2. உறையை வைத்து அதையே செய்யுங்கள்.
3. பலகையில் சிறிது நீர் தடவி, இரண்டையும் மீண்டும் சோதியுங்கள்.

கோணம் பெரிதென்றால் உராய்வு அதிகம். அந்தக் கோணத்தின் 'டேன்' மதிப்பே உராய்வுக் கெழு. நீர் தடவியபின் எதன் கோணம் அதிகம் குறைந்தது? ஒவ்வொன்றையும் மூன்று முறை சோதித்துச் சராசரி எடுங்கள். மூன்று விடையும் நெருங்கி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பட்டர் எறிபவர் வட்டிடம் எதிர்பார்ப்பதும் அந்த ஒழுங்கைத்தான்.