நீராவி யானைக்கு அடுப்பு எங்கே?

கேள்வி: வேலைக்குப் போன பிறகும் லெகோவை விடாத ஆள் நான். பழைய செட்டுகளைக் கலைத்து, ஸ்டீம்பங்க் பாணியில் ஒரு நீராவி யானை செய்துகொண்டிருக்கிறேன். பழுப்பும் தங்க நிறமுமாகக் கட்டைகள், உடம்பு முழுக்கப் பற்சக்கரங்கள், தலையில் ஒரு கறுப்புத் தொப்பி என்று எல்லாம் வைத்தாகிவிட்டது. பார்க்கிறவர்கள் “கல்யாண ஊர்வல யானை மாதிரி இருக்கே” என்கிறார்கள். எங்கே கோட்டை விட்டேன்? மோட்டார் வைத்து நடக்க விட்டால் இரண்டு அடியில் குப்புற விழுகிறது. நிறம் சேராத இடங்களில் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: உங்கள் யானைக்கு அடுப்பு எங்கே இருக்கிறது? கடிதத்தில் தொப்பி வருகிறது, பற்சக்கரம் வருகிறது, அடுப்பைக் காணோம். கோளாறு அங்கேதான். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நீராவி இயந்திரங்கள் பெட்ரோலுக்கும் மின்சாரத்துக்கும் வழிவிடாமல் வளர்ந்துகொண்டே போயிருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்பதுதான் ஸ்டீம்பங்க் கற்பனை. கற்பனையானாலும் ஆவிக்கு ஒரு பாதை உண்டு. எங்கோ கரி எரிய வேண்டும், தண்ணீர் கொதிக்க வேண்டும், ஆவி குழாய் வழியே போய் எதையாவது தள்ள வேண்டும், வேலை முடிந்ததும் வெளியேற வேண்டும். பார்க்கிறவர் கண் அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டு போக முடிந்தால் ஒரு பற்சக்கரம்கூட வெளியே தெரியாமலே அது இயந்திரம்தான். முடியாவிட்டால் நூறு சக்கரம் ஒட்டினாலும் நெற்றிப்பட்டம்தான். ஆகவே, இன்னொன்றோடு பல் கோக்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் சக்கரங்களையெல்லாம் இன்றைக்கே கழற்றி டப்பாவில் போட்டுவிடுங்கள். மனசு கேட்காது, பரவாயில்லை.

யானையைத் தேர்ந்தெடுத்ததில் உங்களுக்குப் பெரிய முன்னோடி உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1880-ல் வெளியிட்ட ‘நீராவி வீடு’ நாவலில், கல்கத்தாவிலிருந்து வடக்கே புறப்படும் ஒரு குழுவின் இரண்டு வண்டிகளை எஃகு யானை ஒன்று இழுத்துப் போகிறது. இந்தியாவில் கால் வைக்காமலே எழுதிய கதை. சிப்பாய்க் கிளர்ச்சித் தலைவர் நானா சாகிபை வில்லனாக்கிய விதத்தில் எனக்குச் சம்மதமும் இல்லை. ஆனால் தும்பிக்கையைப் புகைபோக்கியாக்கினாரே, அதற்காக மன்னிக்கலாம். அவர் பிறந்த நாந்த் நகரில் 2007 முதல் 12 மீட்டர் உயர இயந்திர யானை ஒன்று பயணிகளைச் சுமந்துகொண்டு, தும்பிக்கையால் தண்ணீர் பீய்ச்சியபடி உலா வருகிறது.

தும்பிக்கை புகைபோக்கி என்று வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக இடம் பிடித்துக்கொள்ளும். ரயில் என்ஜினில் அடுப்பு பின்னால், பாய்லர் நடுவில், புகை சேரும் அறை முன்னால், அதன் மேல் புகைபோக்கி. உங்கள் யானைக்கு வால் பக்கம் அடுப்புக் கதவு, வயிறு பாய்லர், தலை புகை அறை. பிஸ்டனைத் தள்ளி முடித்த ஆவியை ஒரு குழாயில் தலைக்குக் கொண்டுபோய்ப் புகைபோக்கியின் அடியில் விடுங்கள். அசல் என்ஜின்களில் அந்த ஆவி மேலே பாயும்போது புகையையும் சேர்த்து இழுக்கும், அடுப்பில் காற்றோட்டம் கூடும், தீ கொழுந்துவிட்டு எரியும். ரயிலின் ‘சக் சக்’ சத்தம் அதுதான்.

இனி வயிறு. லெகோவில் ஒரு குமிழுக்கு உரிய இடத்தின் அகலம் 8 மி.மீ., முழுக் கட்டையின் உயரம் 9.6, தகட்டின் உயரம் 3.2. ஐந்து தகடு அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு குமிழுக்கு உரிய இடம். கட்டையைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டும் வித்தை முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. பக்கத்தில் குமிழ் உள்ள கட்டைகளால் நடுத்தண்டு ஒன்று கட்டி, நான்கு பக்கமும் வளைவுக் கட்டைகளைப் பதித்தால் உருளை கிடைத்துவிடும்.

நிறத்துக்கும் அந்தக் காலத்திலேயே காரணம் இருக்கிறது. பழைய என்ஜின்களில் பாய்லர் சூடு வீணாகாமலிருக்க மரச் சட்டங்களைச் சுற்றிலும் வைத்து உலோகப் பட்டையால் கட்டினார்கள். ஆகவே வயிற்றுக்குப் பழுப்பு. பட்டை, விசில், வால்வு, அழுத்தமானி ஆகியவற்றுக்கு மட்டும் தங்கம். மற்ற இரும்பெல்லாம் கருஞ்சாம்பல். தங்கத்தை இதற்கு மேல் அள்ளித் தெளித்ததால்தான் ஊர்வலக் களை வந்திருக்கிறது.

ரிவெட் ஆணிகளுக்காகக் குமிழ்களை வெளியே காட்டும் வழக்கம் ஒன்று உண்டு. அழகுதான். 1890-ல் திறந்த ஸ்காட்லாந்தின் ஃபோர்த் பாலத்தில் ஏறக்குறைய 65 லட்சம் ரிவெட்டுகள். அந்தக் காலத்து இரும்பின் முகமே அது. ஆனால் லெகோ மனிதன் 4 செ.மீ. உயரம், குமிழின் விட்டம் 4.8 மி.மீ. அவனை நிஜ ஆளாக நினைத்துப் பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு ரிவெட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவு வரும், சுமார் 20 செ.மீ. முதுகுத்தண்டை ஒட்டி ஒரே வரிசை போதும். மற்ற இடங்களை வழுவழுப்பாக மூடிவிடுங்கள்.

நடைக்கு வருவோம். கோயில் யானை நடப்பதைக் கவனித்திருப்பீர்கள்: இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால். ஒவ்வொன்றுக்கும் இடையே கால் சுற்று. லெகோவின் டெக்னிக் வகை அச்சின் குறுக்குவெட்டு கூட்டல் குறி வடிவம் என்பதால் 90 பாகை விலகல் நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. பின் அச்சின் இரு முனைக் கிராங்குகளையும் ஒன்றுக்கொன்று நேரெதிராக மாட்டுங்கள். முன் அச்சிலும் அப்படியே. முதுகு நெடுக ஒரே தண்டு, அதில் திருகு வடிவில் இரண்டு வார்ம் கியர், ஒவ்வொரு வார்முக்கும் கீழே 24 பல் சக்கரம். முன் சக்கரத்தை மட்டும் ஆறு பல் பின்தங்கவைத்துக் கோத்தால் அதுதான் கால் சுற்று. மோட்டார் நிமிடத்துக்கு 240 சுற்று சுற்றினால் கால்கள் 10 சுற்றுதான் சுற்றும். யானைக்கு அந்த நிதானம்தான் அழகு. வார்ம் இருப்பதால் மோட்டாரை நிறுத்திய நொடியில் கால் அப்படியே நிற்கும், பின்னால் சரியாது.

யானை விழுவதற்குக் காரணம், எடையைக் காலில் ஏற்றியிருப்பது. வயிற்றுக்கு அடியில் சாம்பல் பெட்டி ஒன்று தொங்கவிட்டு அதற்குள் சக்கரங்களை மறைத்துவிடுங்கள். எடை முழுக்க அவற்றின் மேல் இருக்கட்டும், பாதங்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் வீசட்டும். அதே முதுகுத் தண்டிலிருந்து மூன்றாவது வார்ம் வழியாகச் சக்கர அச்சையும் ஓட்டுங்கள். பாதம் முன்னும் பின்னும் போகும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு சுற்றளவுள்ள சக்கரமாகப் பார்த்துப் போட்டால், கால் தரையில் வழுக்குவது கண்ணுக்குத் தெரியாது.

குழாய்களை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று குழம்பினால், கோவைக்காரர் நீங்கள், மேட்டுப்பாளையத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை என்ஜினைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் மேலும் கீழுமாக இரண்டு சிலிண்டர். கல்லாறு முதல் குன்னூர் வரையுள்ள பல் தண்டவாளப் பகுதியில், சாதாரணச் சக்கரங்களை ஓட்டிய ஆவியே அடுத்த சிலிண்டருக்குள் புகுந்து பற்சக்கரத்தையும் ஓட்டுகிறது. ஒரே ஆவி இரண்டு வேலை பார்க்கிறது. சும்மா ஓடும் குழாய் ஒன்றுகூட அதில் கிடையாது. போட்டோ எடுத்து வந்து வளையும் குழாய்த் துண்டுகளால் அப்படியே செய்யலாம்.

பெயின்ட் வேண்டாம். கட்டைகள் ஒன்றையொன்று கவ்வுவது மிக நுணுக்கமான அளவில் நடக்கிற காரியம்; பெயின்ட் படலத்தின் தடிமனே அந்தப் பிடியைக் கெடுத்துவிடும். பழைய கட்டைகளைக் கிலோ கணக்கில் வாங்குகிறீர்கள் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள்: செம்பழுப்புத் துண்டுகள் நாளாக நாளாக நொறுங்கும் குணமுள்ளவை. கொக்கி, கிளிப் உள்ள துண்டுகளை வேறு நிறத்தில் போடுவது நல்லது.

தங்க நிறத்தில் எல்லா வடிவமும் கிடைக்காது. ‘ஸ்டுடியோ’ என்ற இலவச மென்பொருளில் முதலில் கட்டிப் பார்த்து, இருப்பதை வைத்து வடிவத்தை மாற்றிக்கொள்ளுங்கள். காசு செலவழிப்பதென்றால் முதலில் மூன்று வார்ம், மூன்று 24 பல் சக்கரம், நீளமான அச்சுகள். உடம்பை மூடாமல் எலும்புக்கூட்டை மட்டும் தரையில் ஓடவிட்டுப் பாருங்கள். அது ஒழுங்காக நடந்த பிறகு பித்தளைப் பட்டைகளை எண்ணி வாங்கலாம்.