வீட்டுக் கொல்லையில் கனிமரங்கள்: விதையா, ஒட்டா?

காஞ்சீபுரம் ஏகாம்பரநாதர் ஆலயத்தின் ஸ்தல விருட்சம் மாமரமாகும். அதன் நான்கு கிளைகளும் நால்வகைச் சுவையுள்ள கனிகளைத் தரும் என்பது ஐதிகம். ஒரே மரத்தின் கொட்டைகளிலிருந்து பல சுவைகள் தோன்றுவதோ எவ்வூரிலும் காணக்கூடிய உண்மை. இதனை அறியாது, உண்ட பங்கனபள்ளியின் கொட்டையை ஊன்றி, ஏழெட்டு ஆண்டுகள் நீர் வார்த்து, முடிவில் புளித்த நார்க்காயைக் கண்டு வருந்துவோர் பலர். நெசவாளரின் சிறு கொல்லையில் ஒரு மாமரத்திற்கே இடமுண்டு, அது வீணாகலாகாது.

காரணம்: பங்கனபள்ளி போன்ற வகைகளின் கொட்டையில் கரு ஒன்றே உண்டு. அது பிறமரத்தின் மகரந்தம் சேர்ந்து உண்டாவதால் தாயின் குணம் மாறிவிடும். மலையாளக் கரையின் சந்திரக்காரன், ஒலூர் ஆகிய வகைகளில் ஒரே கொட்டையில் பல கருக்கள் உண்டு. அவற்றிற் பெரும்பாலானவை தாயையே ஒக்கும்.

மா: கொட்டை வேருக்கு உதவும், கனிக்குத் தாய்மரத்தின் கிளையே வேண்டும். கொட்டையை உலரவிடாமல் சில வாரங்களுக்குள் தொட்டியில் ஊன்றுக. ஓராண்டுக் கன்று பென்சிற் பருமனானதும், அதனை நல்ல மரத்தின் இளங்கிளையருகே வைத்து, இரண்டின் பட்டையையும் இரண்டங்குல நீளம் சிறிது கட்டையுடன் சீவிப் பொருத்திக் கட்டுக. இரண்டு மூன்று மாதங்களில் ஒட்டிக்கொள்ளும். பின்னர்க் கன்றின் தலையையும் கிளையின் அடியையும் சிறிது சிறிதாக வெட்டி நீக்குக.

எலுமிச்சை: இதனை விதையாலேயே வளர்க்கலாம். ஒரு விதையிலிருந்து பல முளைகள் தோன்றும். பெரும்பாலும் தாயை ஒக்கும். நோஞ்சானையும் வேற்றுருவான கன்றையும் களைந்துவிடுக.

பப்பாளி: விதையே போதும். குழிக்கு நான்கைந்து விதையிட்டு, பூக்கும்வரை இரண்டு மூன்று கன்றுகளை நிறுத்துக. ஆண், பெண் மரங்கள் தனித்தனியாகும் வகைகளில், பூத்தபின் ஆண்மரங்களுள் ஒன்றை மட்டும் விட்டு, மற்றவற்றை அகற்றுக. அடியில் நீர் தேங்கலாகாது.

எச்சரிக்கை: பட்டுநூலைச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சிய நீரையும், சாயநீரையும் எம்மரத்திற்கும் பாய்ச்சலாகாது.

சங்கத்தின் கடமை: ஒட்டுக்கட்டத் தாய்மரம் ஒவ்வொருவரிடமும் இராது. இந்தியாவின் முதல் நகர ஐக்கிய நாணய சங்கம் 1904-ஆம் ஆண்டில் பதிவானது காஞ்சீபுரத்திலேயாம். அவ்வழி வந்த அங்கத்தினர்கள் ஒன்றுகூடிக் கனியை உண்டு பார்த்து, நல்ல தாய்மரமொன்றைத் தெரிந்து, அதில் வேண்டிய கன்றுகளை ஒருசேரக் கட்டிப் பங்கிட்டுக்கொள்வாராயின், எவரது எட்டாண்டு உழைப்பும் புளித்த காயில் முடியாது.