கொல்லிமலை ரூமுக்கு ஆதார் அனுப்புறீங்களா? ஒரு நிமிஷம்!

லாங் வீக்கெண்ட், நண்பர்களோட கொல்லிமலை பிளான். செம்மேட்டுல ரூம் புக் பண்ணதும் "ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க"ன்னு மெசேஜ் வரும். நாமும் யோசிக்காம அனுப்பிடுவோம். கேட்டா, "வாட்ஸ்அப்தான் என்க்ரிப்ட் ஆச்சே!" என்போம்.

இது பாதிதான் சரி.

என்க்ரிப்ஷன் என்றால், தகவலை ஒரு சாவி வைத்துப் புரியாத எழுத்துக் குவியலாக மாற்றுவது. சாவி இருப்பவர் மட்டுமே படிக்கலாம். வாட்ஸ்அப்பில் உங்கள் போனிலிருந்து ரூம்காரர் போன் வரை நடுவில் யாராலும் படிக்க முடியாது. ஆனால் போய்ச் சேர்ந்ததும் பூட்டு திறந்துவிடும். அப்புறம் அது அவர் கேலரியில் இருக்கும், பிரிண்ட் எடுக்கும் கடை கம்ப்யூட்டரிலும் இருக்கும். வழியில் போடும் பூட்டு வேறு, சேமிக்கும் இடத்தில் போடும் பூட்டு வேறு.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே சிக்கல்தான். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸ் வாடிக்கையாளர்களின் பாலிசி, கிளெய்ம் ஆவணங்கள் டெலிகிராம் சாட்பாட்களில் கிடைப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. முகவரி, அடையாள அட்டை, மருத்துவப் பரிசோதனை முடிவு வரை அதில் இருந்தன. நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நாம் அனுப்பும் வழி எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், சேர்ந்த இடத்தில் கசிந்தால் அவ்வளவுதான்.

"இ-ஆதார் பிடிஎஃப்-க்கு பாஸ்வேர்டு இருக்கே?" இருக்கு. உங்கள் பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள், கூடவே பிறந்த வருஷம். புக்கிங்கில் பெயர் ஏற்கெனவே கொடுத்தாச்சு. மிச்சம் வருஷம் மட்டும்தான். உங்களுக்கு இருபதுகளில் வயசு என்று தெரிந்தால், பத்துப் பதினோரு முயற்சி போதும். கொல்லிமலை ஏறவே 70 கொண்டை ஊசி வளைவு தாண்டணும். இதைத் திறக்க அதில் கால்வாசிகூட வேண்டாம்! ஏஇஎஸ்-256 என்ற என்க்ரிப்ஷன் முறையில் சாத்தியமான சாவிகளின் எண்ணிக்கை 78 இலக்க எண். ஆனால் பாஸ்வேர்டை ஊகிக்க முடிந்தால் அந்தப் பலம் வீண்.

என்ன செய்யலாம்?

1. மை ஆதார் தளத்தில் மாஸ்க்டு ஆதார் டவுன்லோட் பண்ணுங்க. கடைசி 4 இலக்கம் மட்டுமே தெரியும். அடையாளம் காட்ட அது போதுமா என்று முதலில் கேளுங்க.

2. சம்பள சிலிப், பான், பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பணுமா? 7-ஜிப் மாதிரி மென்பொருளில் ஏஇஎஸ்-256 தேர்ந்தெடுத்து, நீளமான சொந்த பாஸ்வேர்டு போடுங்க.

3. பாஸ்வேர்டை அதே சாட்டில் அனுப்பாதீங்க. போன் பண்ணிச் சொல்லுங்க.

4. வேலை முடிந்ததும் "டெலிட் பண்ணிடுங்கண்ணே"ன்னு கேளுங்க. கூச்சப்பட வேண்டாம்.

5. வருஷத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச கிரெடிட் ரிப்போர்ட்டைப் பாருங்க. உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத லோன் இருந்தால் அங்கேதான் தெரியும்.

சம்பளம் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து உங்கள் ஆவணங்களும் பணம்தான். பர்ஸை யார் கையிலும் அப்படியே கொடுக்க மாட்டீங்க இல்லையா? பிடிஎஃப்-க்கும் அதே கணக்குதான்.