ஏழு பேர் போகும் வண்டி: கடைசி வரிசையிலிருந்து கணக்குப் போடுங்கள்



நம்மில் பலர் இன்றும் கூட்டுக் குடும்பமாகவே வாழ்கிறோம். தாய் தந்தையர், அண்ணன் தம்பி, மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே உலையில் சோறு பொங்குகிறோம். குலதெய்வம் கோயிலுக்கோ, சம்பந்தி வீட்டு விசேஷத்திற்கோ புறப்பட்டால் எல்லோரும் சேர்ந்துதான் புறப்பட வேண்டியிருக்கிறது. முன்பு ஓர் அம்பாசிடரில் ஒன்பது பேர் அடைந்து போன காலம் உண்டு. அந்த வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றது. 2000-இல் குவாலிஸ், 2005-இல் இன்னோவா, 2012-இல் எர்டிகா என்று ஏழு, எட்டுப் பேர் அமரும் வண்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஆனாலும் கடைக்குச் சரக்கு ஏற்றும் குட்டியானையில் பாயை விரித்துக் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் தொழிலில் இன்னும் ஒழியவில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நேர்ந்தால் அந்த வண்டியின் இன்சூரன்ஸை நம்பியும் பயனில்லை. ஆகவே பெரிய குடும்பத்திற்கு ஏழு இருக்கை வண்டி ஆடம்பரம் அன்று. அதை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஷோரூமுக்குப் போகும் குடும்பத் தலைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கிறார், முன்னால் உள்ள பெரிய திரையைத் தொட்டுப் பார்க்கிறார், முன்பணம் கட்டிவிடுகிறார். கடைசி வரிசையில் உட்காரப் போகிறவர் மருமகளும் குழந்தைகளும். அவர்களை யாரும் கேட்பதில்லை. நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: ஏழு இருக்கை வண்டியின் தரத்தைக் கடைசி வரிசையிலிருந்து அளக்க வேண்டும். முன் இரண்டு வரிசை எல்லா வண்டிகளிலும் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும்.

முதலில் நாள் கணக்கு

தீபாவளிக்கு வேண்டிய சரக்கை ஆண்டு முழுவதும் கிடங்கில் அடுக்கி வைப்போமா? வண்டிக்கும் அதே கணக்குதான். சென்ற ஆண்டு நாட்காட்டியை எடுத்து, குடும்பத்தில் ஆறு பேருக்கு மேல் சேர்ந்து பயணம் செய்த நாட்களை எண்ணுங்கள்.

உதாரணமாக, ஐந்து இருக்கை வண்டிக்கும் ஏழு இருக்கை வண்டிக்கும் விலை வித்தியாசம் ரூ.4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு ரூ.50,000 ஆகிறது. வாடகை வண்டிக்கு நாளொன்றுக்கு ரூ.5,000 என்றால் அதே பணத்தில் பத்து நாள் ஓட்டலாம். பத்து நாளுக்குக் குறைவாகவே எல்லோரும் சேர்ந்து போகிறவர்கள் சிறிய வண்டி வாங்கி, விசேஷ நாளில் மஞ்சள் போர்டு வண்டி எடுப்பது லாபம். மாதம் இரண்டு மூன்று முறை சேர்ந்து போகிறவர்களுக்குச் சொந்த வண்டியே சரி. உங்கள் ஊர் விலையையும் வாடகையையும் போட்டு இக்கணக்கைச் செய்து பாருங்கள்.

ஏழு என்றால் எந்த ஏழு?

ஏழு இருக்கைகளை எல்லா வண்டியிலும் ஒரே மாதிரி அடுக்குவதில்லை. எர்டிகாவில் இரண்டு, மூன்று, இரண்டு என்ற வரிசை. இன்னோவாவின் ஏழு இருக்கை வகையில் இரண்டு, இரண்டு, மூன்று. பின்னதில் நடுவில் தனித்தனி இருக்கை இருப்பதால் முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்கு வசதி. ஆனால் கடைசி வரிசையில் மூன்று பேர் தோளோடு தோள் இடித்து அமர வேண்டும். முன்னதில் கடைசியில் இருவர் மட்டுமே. சில வண்டிகளில் பின்னால் இருப்பவை பக்கவாட்டில் எதிரெதிராகப் பார்க்கும் இருக்கைகள். நெடுந்தூரத்திற்கு அவை ஏற்றவை அல்ல. திடீர் பிரேக் போட்டால் உடல் பக்கவாட்டில் சாயும்.

ஆகவே ஷோரூமுக்குக் குடும்பத்தோடு போங்கள். கடைசி வரிசையில் உண்மையில் யார் உட்காரப் போகிறாரோ அவரை ஏற்றுங்கள். புடவை கட்டிய பெண் சிரமமின்றி ஏற முடிகிறதா? முழங்கால் மார்புக்கு வராமல் தொடை இருக்கையில் படிகிறதா? தலை கூரையில் இடிக்கிறதா? அங்கே ஏ.சி. காற்று வருகிறதா? பின் கதவை மூடினால் தலைக்கும் கண்ணாடிக்கும் எத்தனை விரற்கடை இடைவெளி? இவற்றைப் பார்க்க ஐந்து நிமிடம் போதாது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் மறுத்தால் அடுத்த ஷோரூம் இருக்கிறது.

டிக்கி இடத்தை மூட்டைக் கணக்கில் பாருங்கள்

ஏழு பேரும் அமர்ந்த பிறகு பின்னால் மிஞ்சும் இடத்தை லிட்டர் கணக்கில் சொல்வார்கள். நமக்குப் புரிய வேண்டுமானால் 25 கிலோ அரிசி மூட்டையை நினைத்துக்கொள்ளலாம். அது சுமார் 30 லிட்டர் இடம் பிடிக்கும். ரெனால்ட் டிரைபரில் ஏழு பேர் அமர்ந்தபின் மிஞ்சுவது 84 லிட்டர். மூன்று மூட்டை இடம்கூட இல்லை. எர்டிகாவில் 209 லிட்டர், கியா கேரன்ஸில் 216 லிட்டர், ஏழு மூட்டை அளவு. இன்னோவா ஹைகிராஸில் 300 லிட்டர், பத்து மூட்டை அளவு. ஏழு பேர் இரண்டு நாள் தங்கப் போனால் ஏழு பை, பலகாரத் தூக்கு, வரிசைத் தட்டு என்று எவ்வளவு சேரும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடமே கேளுங்கள். சி.என்.ஜி. வகை வாங்குகிறவர்கள் சிலிண்டர் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்று நேரில் திறந்து பார்க்க வேண்டும்.

இடம் போதாவிட்டால் கூரைமேல் கட்டுகிறோம். வண்டியின் கையேட்டில் கூரை எவ்வளவு கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும். அதற்குமேல் ஏற்றினால் வளைவில் வண்டி ஆடும்.

எடைக் கணக்கு

தராசு பிடிப்பவர்களான நாம் வண்டியின் எடையை மட்டும் கேட்பதில்லை. கையேட்டில் வெறும் வண்டியின் எடையும் முழுச் சுமையோடு இருக்க வேண்டிய அதிகபட்ச எடையும் போட்டிருக்கும். முன்னதைப் பின்னதிலிருந்து கழித்தால் ஏற்றக்கூடிய சுமை தெரியும். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேர் 455 கிலோ. பைகள் 70 கிலோ. ஆக 525 கிலோ. கழித்து வந்த தொகை இதற்குக் குறைவாக இருந்தால் அந்த வண்டி உங்கள் குடும்பத்திற்கு ஆகாது. முழுச் சுமைக்கு டயரில் காற்று கூடுதலாக அடிக்க வேண்டும். அந்த அளவு பெரும்பாலும் டிரைவர் கதவை ஒட்டிய இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

மலைப்பாதைக்கு அடிக்கடி போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. முன்சக்கர இழுவை வண்டியில் பின்னால் சுமை ஏறினால், ஏற்றத்தில் முன்சக்கரத்தின் பிடிமானம் குறையும், ஈரச் சாலையில் அது தெரியும். இன்னோவா கிரிஸ்டா, பொலிரோ போன்றவை பின்சக்கர இழுவை வண்டிகள். சுமையோடு மலை ஏற அவை தோதானவை. சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய வேறுபாடு அல்ல.

நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

நம் நாட்டிலேயே மோதல் சோதனை செய்து நட்சத்திரம் வழங்கும் பாரத் என்கேப் திட்டம் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. வாங்குமுன் எத்தனை நட்சத்திரம் என்று கேட்பது நல்லது. ஆனால் அந்தச் சோதனையில் பெரியவர் பொம்மைகளை முன்னிருக்கையிலும் குழந்தை பொம்மைகளை இரண்டாம் வரிசையிலும் வைக்கிறார்கள். மூன்றாம் வரிசையில் இருப்பவரின் கதியை நட்சத்திரம் நேரடியாகச் சொல்வதில்லை. ஆகவே அதை நாம்தான் பார்க்க வேண்டும். கடைசி வரிசையில் ஒவ்வொருவருக்கும் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் சீட் பெல்ட் இருக்கிறதா, தலைக்குப் பின் உயர்த்தி வைக்கக்கூடிய தலையணை இருக்கிறதா, பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அதுவரை நீள்கிறதா என்ற மூன்றையும் கேளுங்கள்.

இருக்கும் பெல்ட்டை அணிவதும் முக்கியம். டாட்டா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மும்பைக்கு வரும் வழியில் விபத்தில் இறந்தார். விலையுயர்ந்த கார்தான். பின்னிருக்கையில் இருந்த அவர் பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். முன்நோக்கிய பின்னிருக்கையில் இருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும் என்பது சட்டம். மீறினால் ரூ.1,000 அபராதம். கடைசி வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு போவது பாசம்தான், பாதுகாப்பு ஆகாது. அவசரத்திற்கு இரண்டு எண்ணெய் டின்னைப் பின்னால் போட்டுக்கொள்வதும் வேண்டாம். மோதும்போது அந்த டின் முதலில் கடைசி வரிசையில் இருப்பவர் முதுகில்தான் இடிக்கும்.

டீசலா பெட்ரோலா?

டீசல் வண்டிக்கு ரூ.1,20,000 கூடுதல் விலை, கிலோமீட்டருக்கு ரூ.2 மிச்சம் என்று கொள்வோம். 60,000 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். ஆண்டுக்கு 6,000 ஓட்டுகிறவருக்குப் பத்து ஆண்டு ஆகும். மேலும் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடினால்தான் அது தானே சுத்தமாகும். வீட்டிலிருந்து கடைக்கு இரண்டு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வடிகட்டி அடைத்துச் செலவு வைக்கும். அப்படிப்பட்டவர்களுக்குப் பெட்ரோலே ஏற்றது.

வரியில் ஏமாறாதீர்கள்

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாறியது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள் அல்லது டீசல் இன்ஜின் 1,500 சி.சி.க்குள் இருக்கும் வண்டிக்கு 18 சதவீதம். அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு 40 சதவீதம். டிரைபர் முதல் வகை, எர்டிகாவும் இன்னோவாவும் இரண்டாம் வகை. ஆனால் 4 மீட்டருக்குள் மூன்று வரிசையை அடக்கும்போது குறைவது கடைசி வரிசையின் கால் இடமும் டிக்கியும்தான். கடைசியில் எப்போதும் சிறு குழந்தைகளே உட்காருவார்கள் என்றால் இந்த வரிச் சலுகை நமக்கு லாபம். பெரியவர்கள் உட்கார வேண்டுமென்றால் லாபமில்லை.

தமிழ்நாட்டில் ஆயுள் வரி 2023 நவம்பரில் உயர்ந்தது. ரூ.5 லட்சத்திற்கு மேல் ரூ.10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் ரூ.20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கும் மேல் 20 சதவீதம். ரூ.9,90,000 வண்டிக்கு வரி ரூ.1,28,700. ரூ.10,40,000 வண்டிக்கு ரூ.1,87,200. விலையில் ஐம்பதாயிரம் கூடினால் வரியில் ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு கூடுகிறது. உயர்ந்த ரகத்திற்குத் தாவுமுன் இந்தப் பத்து லட்சக் கோட்டைப் பாருங்கள். ரூ.10 லட்சத்திற்கு மேற்பட்ட வண்டிக்கு விற்பவர் 1 சதவீதம் வருமான வரி வசூலிப்பார். அதைக் கணக்குத் தாக்கலில் கழித்துக்கொள்ளலாம், மறக்க வேண்டாம்.

“கடை பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்ப வரும்” என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. டிரைவரைச் சேர்த்துப் பதின்மூன்று பேர் வரை அமரும் வண்டிக்கு, வண்டி விற்பனை, பயணிகள் போக்குவரத்து, ஓட்டுநர் பயிற்சி ஆகிய தொழில்களில் உள்ளவர் தவிர ஏனையோருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. சரக்கு வண்டிக்குத்தான் உண்டு. வருமான வரியில் தேய்மானம் 15 சதவீதம் கிடைக்கும், அதுவும் தொழிலுக்குப் பயன்பட்ட பங்கிற்கு மட்டுமே. தேய்மானம் எடுத்த வண்டியை விற்கும்போது, தேய்மானம் போக நிற்கும் மதிப்பைவிடக் கூடுதலாக வந்த தொகைக்கு ஜி.எஸ்.டி. கட்ட வேண்டிவரும். ஆகவே வண்டியை யார் பெயரில் எடுப்பது என்பதை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் ஏழு பேருக்கும்

வண்டி பழசானதும் செலவைக் குறைக்க மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் கட்டுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்தப் பாலிசி எதிரே வருகிறவருக்கானது. நம் வண்டிக்குள் இருக்கும் நம் குடும்பத்தாருக்கு அதில் பாதுகாப்பு இல்லை. ஏழு பேரை ஏற்றும் வண்டிக்கு எத்தனை ஆண்டானாலும் முழுப் பாலிசியே எடுங்கள். பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டையும் ஏழு இருக்கைக்கும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கான கூடுதல் பிரீமியம் சிறிய தொகைதான்.

முடிவாக

சரக்கு எடுக்கும்போது மூட்டையின் மேல்வாயை மட்டும் பார்த்து எடுக்கிற வியாபாரி இல்லை. குத்தூசி போட்டு அடிச்சரக்கை எடுத்துப் பார்த்த பிறகே விலை பேசுகிறோம். வண்டியின் முன்புறம் மேல்வாய், கடைசி வரிசையே அடிச்சரக்கு. அங்கே வீட்டின் சிறியவர்களும் பெண்களும் அமர்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்து பார்த்து, பெல்ட் போட்டுப் பார்த்து, “சரி” என்று சொன்ன பிறகு முன்பணம் கட்டுங்கள்.