பர்மா தேக்கு என்றால் செல் அரிக்காதா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பழைய கண்ணாடி அலமாரி ஒன்று விலைக்கு வந்தால், கூடவே ஒரு வாக்கியமும் வந்துவிடுகிறது: "அண்ணாச்சி, இது பர்மா தேக்கு. செல்லு கிட்டயே வராது." விற்பவர் சொல்கிறார், தரகர் தலையாட்டுகிறார், வாங்க வந்தவரும் அதை நம்பிக் கூடுதலாகப் பணம் எண்ணி வைக்கிறார். அலமாரியைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, புத்தகங்களை அடுக்கிப் பூட்டிவிட்டு நிம்மதியாகிறார். புத்தகம் வீணாவது அந்த நிம்மதியில்தான் தொடங்குகிறது.

இந்த ஒரு வாக்கியத்தில் மூன்று பொய்கள் இருக்கலாம். மரம் தேக்காக இல்லாமல் இருக்கலாம். தேக்கே ஆனாலும் பர்மாவிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. பர்மா தேக்கே ஆனாலும் செல் தொடாது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. மூன்றாவதுதான் பெரிய கேடு என்பதால் அதை முதலில் பார்க்கலாம்.

தேக்கு மரத்தை அறுத்தால் நடுவில் பொன்பழுப்பாக இருப்பது சேகு. அதைச் சுற்றி வெளிறித் தெரிவதைத் தச்சர்கள் வெள்ளை என்பார்கள். பூச்சியை எதிர்க்கும் டெக்டோகுவினோன் முதலிய வேதிப்பொருள்கள் இருப்பது சேகில்தான். வெள்ளையில் மாவுச்சத்து இருக்கிறது. செல்லுக்கும் உளுப்பூச்சிக்கும் அது உணவு. பர்மாக் காட்டில் வளர்ந்தாலும் நிலம்பூரில் வளர்ந்தாலும் வெள்ளை வெள்ளைதான். அந்தக் காலத்துத் தச்சரும் மரத்தை வீணாக்கியதில்லை. கண்ணில் படும் கதவுக்கும் சட்டத்துக்கும் சேகை வைத்துவிட்டு, பின்பலகைக்கும் உள்தட்டுக்கும் வெள்ளை கலந்த பலகையைப் போட்டார். வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பது கதவை. அரிபடுவது பின்பலகை.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையம் மரங்களின் தாங்குதிறனைச் சோதிக்கும் முறை எளிமையானது. மரத்துண்டுகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று பார்ப்பார்கள். சராசரியாக 120 மாதங்களைத் தாண்டினால் முதல் வகுப்பு. தேக்கின் சேகு இந்த வகுப்பைச் சேர்ந்தது. அதன் பொருள் பத்து ஆண்டுக்கு மேல் மண்ணில் தாங்கும் என்பதுதான். என்றைக்கும் அரிபடாது என்று அந்தச் சோதனை சொல்லவே இல்லை. வீட்டுக்குள் ஈரம் படாமல் நிற்கும் அலமாரி அதைவிடப் பல மடங்கு நீடிக்கும், சரி. ஆனால் வெள்ளைக்கு அந்த வகுப்பில் இடமே கிடையாது.

இதைவிட முக்கியமான ஒன்றை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. செல் தேடி வருவது புத்தகத்தை. காகிதம் முழுவதும் செல்லுலோஸ். செல்லுக்கு அதைவிட நல்ல விருந்து ஏது? தேக்குச் சட்டத்தைத் தின்னாமலே, அதன் மேல் மண்குழாய் கட்டிக்கொண்டு ஏறி, பலகை இடுக்கு வழியாக உள்ளே போய்விடும். வெளியே அலமாரி பளபளவென்று நிற்கும். உள்ளே ஒரு புத்தகத்தை உருவினால் அட்டையும் முதுகும் கையோடு வரும், நடுவில் மண்தான் இருக்கும். இந்த வட்டாரத்தில் பழைய வீடுகள் பலவும் மண் சாந்தில் எழுப்பியவை. சுவருக்குள்ளேயே செல்லுக்குப் பாதை உண்டு. ஐப்பசி மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் ஈசல், சிறகு முளைத்த செல்தான். அதைப் பார்த்த பிறகும் அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைப்பவரை என்னவென்று சொல்வது? நான்கு விரல் இடைவெளி விடுங்கள். மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பின்புறத்தையும் கால்களையும் பாருங்கள். மண்கோடு தெரிந்தால் அன்றைக்கே புத்தகத்தை இறக்குங்கள்.

பர்மா தேக்கு செட்டிநாட்டைப்போல் குவிந்த இடம் தமிழ்நாட்டில் வேறில்லை. அதே செட்டிநாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள் இன்றும் ஆய்வாளர் கைக்குக் கிடைக்கின்றன. அவர் 1992-இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சென்னைக்குக் கொண்டுவந்து 1994-இல் ஆராய்ச்சி நூலகமாக்கியவர்களும், நுண்படம் எடுத்துக் காத்தவர்களும்தான் அதற்குக் காரணம். அலமாரியின் மரத்துக்கு அந்தப் பெருமை சேராது.

இனி 'பர்மா' என்ற பட்டம். பர்மாவிலிருந்து தேக்கு ஏராளமாக வந்தது உண்மை. பாம்பே பர்மா வர்த்தகக் கழகத்துக்கு விதித்த அபராதமே 1885-இல் ஒரு போருக்குச் சாக்கானது என்றால் அந்த வணிகத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் நிலம்பூரில் 1840-களிலேயே தேக்கு நட்டு வளர்த்தார்கள். ஆனைமலையில் வெட்டிய தேக்கை மலையிலிருந்து உருட்டிவிட்ட இடத்துக்குத்தான் டாப்ஸ்லிப் என்று பெயர். எல்லாம் ஒரே இனம். மெருகு போட்ட பலகையைத் தடவிப் பார்த்து "இது பர்மா" என்று சொல்லும் கை யாருக்கும் இல்லை. ஊரைச் சொல்லி விலை கேட்டால் அந்த ஊருக்குத் தனியாகப் பணம் தராதீர்கள்.

தேக்குதானா என்பதையாவது பார்க்கலாம். நிறத்தை நம்பக் கூடாது; வேங்கை, ஆயினி, வேம்பு எதையும் சாயம் பூசித் தேக்காக்கிவிடலாம். இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்து அடிப்பலகையைத் திருப்புங்கள், மெருகு படாத மரம் அங்கேதான் இருக்கும். தேக்கு கைக்கு லேசாக எண்ணெய்ப் பிசுக்காகப் படும், பழைய தோல்போல ஒரு வாடை வரும். அலமாரிக் காலின் அடியில் பேனாக்கத்தி முனையால் குத்துங்கள். பொதபொதவென்று இறங்கினால் மெருகுக்குள்ளே மக்கு வைத்து அடைத்திருக்கிறார்கள். தரையில் மாவு உதிர்ந்திருந்தால் உளுப்பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. கனமாக இருந்தால் நல்ல மரம் என்பது தவறு. தோதகத்தி தேக்கைவிடக் கனம், ஈரம் காயாத மட்டமான மரமும் கனம்தான். நூற்றைம்பது வருடத்துப் பொருள் என்று சொல்லிவிட்டு நட்சத்திரத் தலைத் திருகாணியைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். அந்த வகைத் திருகாணி புழக்கத்துக்கு வந்ததே 1930-களில். பெல்ஜியம் கண்ணாடி என்பதற்கு விற்பவரின் வாயைத் தவிரச் சான்று இல்லை. மண்ணெண்ணெய் தடவினால் பூச்சி சாகும் என்பதும் வீண். துளைக்குள்ளே அது போகாது, நாற்றம் மட்டும் புத்தகத்தில் ஏறும். தஞ்சை சரசுவதி மகாலில் செய்வதுபோல வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டையை இடித்துக் கற்பூரம் சேர்த்து முடிந்து வைக்கலாம். அது சின்னப் பூச்சிகளை விரட்டும், செல்லை நிறுத்தாது. இரும்பு அலமாரி பழம்பொருள் ஆகாது என்ற எண்ணமும் சரியில்லை. கோத்ரெஜ் இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது 1923-இல். புத்தகத்துக்குப் பழைய இரும்புத் தட்டு எவ்வளவோ மேல். செல் ஏறினாலும் மண்கோடு பளிச்சென்று தெரியும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஈரக்காற்றில் பழகிய பலகை இந்தக் கரிசல் காட்டு வெக்கைக்கு வந்ததும் சுருங்கும். பலகையைக் காடிக்குள் அசையவிட்டு மாட்டியிருந்தால் தாங்கும். ஆணியடித்து, பசை போட்டு இறுக்கியிருந்தால் முதல் சித்திரைக்கே வெடிக்கும்.

இவ்வளவு தூரம் அலைபவர்கள் சொந்த வீட்டுப் பரணை மட்டும் பார்ப்பதில்லை. பாட்டி காலத்து வேப்பம்பலகைப் பெட்டி, பூவரசு அலமாரி, கணக்குப்பெட்டி என்று எத்தனையோ பொருள்கள் விறகுக் கடைக்குப் போகின்றன. வேம்பு மகாகனி மரத்தின் குடும்பம். அதன் சேகைப் பூச்சி எளிதில் தொடாது. பூவரசின் சேகு கருஞ்சிவப்பாக இழைந்து வரும், மெருகு அழகாக ஏறும். குண்டாற்றுக் கரையிலும் கண்மாய்க் கரைகளிலும் இந்த மரங்கள் நின்ற இடத்தைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. இன்று அங்கிருந்து கிடைப்பது கரிமூட்டத்துக் கரி. ஊராட்சிகள் அந்த முள்ளை வெட்டி ஏலம் விடுவதோடு நிற்காமல், அதே கரையில் வேம்பும் பூவரசும் வாகையும் நட வேண்டும். பழைய வேப்பமரப் பெட்டியை எடைக்குப் போட நினைப்பவர்கள், போடும் முன் ஒரு நல்ல தச்சரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.