கோழிக் கட்டியும் 55 ஆண்டுக் காத்திருப்பும்

கேள்வி: கண்டுபிடித்துப் பல பத்தாண்டுகள் கழித்து நோபல் பரிசு கொடுக்கிறார்களே, ஆல்ஃபிரட் நோபல் அப்படித்தான் உயில் எழுதினாரா?

இல்லை. 1895இல் எழுதிய உயிலில், முந்தைய ஓராண்டில் மனிதகுலத்துக்குப் பெரும் நன்மை செய்தவர்களுக்கு என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒரு கண்டுபிடிப்பு தேறுமா என்பது ஒரு வருடத்தில் தெரிவதில்லை. அதனால், பழைய ஆய்வாக இருந்தாலும் அதன் அருமை அண்மையில்தான் புரிந்தது என்றால் பரிசு தரலாம் என்று விதி வகுத்தார்கள். காத்திருப்பின் தொடக்கம் அந்த விதிதான்.

அந்தக் காத்திருப்பு எத்தனை கொடியது என்பதற்குப் பெய்டன் ரவுஸின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். 1909இல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் இருந்த அவரிடம், நெஞ்சில் பெரிய கட்டியோடு ஒரு கோழி வந்து சேர்ந்தது. ரவுஸ் கட்டியை அரைத்து, பாக்டீரியாகூடத் தாண்ட முடியாத நுண்வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரில் ஒரு செல்கூட இல்லை. அதை நல்ல கோழிக்கு ஊசியில் ஏற்றினார். அதற்கும் அதே கட்டி வந்தது. புற்றுநோயை வைரஸ் உண்டாக்கலாம் என்பதற்கு அது அழுத்தமான சான்று. 1911இல் வெளியிட்டார். நம்பத்தான் ஆளில்லை. கோழிக்கு வருவது மனிதருக்குப் பொருந்தாது என்று ஒதுக்கினார்கள். அவர் வேறு வேலைக்குப் போனார். முதல் உலகப் போர்க் காலத்தில் ரத்தத்தைக் கெடாமல் சேமிக்க அவர் தந்த கரைசலால்தான் போர்முனையில் ரத்த சேமிப்பு சாத்தியமாயிற்று.

இடையில் இன்னொன்று நடந்தது. புழுவால் புற்றுநோய் வரும் என்று சொன்ன டென்மார்க்கின் யோகான்னஸ் ஃபிபிகருக்கு 1926ஆம் ஆண்டின் மருத்துவப் பரிசைக் கொடுத்தார்கள். அந்த முடிவு தவறென்று பிறகு தெரிந்தது. அதன்பின் பல ஆண்டுகள், புற்றுநோய் ஆய்வென்றாலே தேர்வாளர்கள் தயங்கினார்கள். சரியாகச் சொன்னவர் வெளியே நிற்க, தவறாகச் சொன்னவருக்கு மாலை விழுந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

1966இல், 87 வயதில், ரவுஸுக்குப் பரிசு வந்தது. அவருடைய மருமகன் ஆலன் ஹாட்கின் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நோபல் வாங்கிவிட்டார்! அதே கோழி வைரஸை வைத்து ஆராய்ந்து, புற்றுநோய் மரபணுக்களின் மூலம் நம் சாதாரணச் செல்களிலேயே இருக்கிறது என்று கண்ட பிஷப்பும் வார்மஸும் 1989இல் பரிசு பெற்றார்கள்.

நம்மவரான வானியற்பியலாளர் சந்திரசேகருக்கும் இதே கதைதான். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, 19 வயதில், நட்சத்திரங்களைப் பற்றிப் போட்ட கணக்குக்கு உரிய மரியாதை 1983இல்தான் கிடைத்தது.

கேள்வி: மிக முதிய வயதில் நோபல் பெற்றவர் யார்?

ஜான் குட்இனஃப், 97 வயதில், 2019 வேதியியல் பரிசு. உங்கள் செல்போனின் லித்தியம் பேட்டரிக்கான கோபால்ட் ஆக்சைடு மின்முனையை ஆக்ஸ்ஃபோர்டில் அவர் குழு உருவாக்கியபோதே அவருக்கு 57 வயது.

கேள்வி: இறந்தவருக்கு நோபல் இல்லை என்ற விதி எப்போது வந்தது?

1974இல். அதற்கு முன், பரிந்துரைக்குப் பிறகு இறந்தவருக்குத் தர இடமிருந்தது. ஸ்வீடன் கவிஞர் கார்ல்ஃபெல்ட் 1931இலும், விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச்செயலாளர் ஹாமர்ஷெல்டு 1961இலும் அப்படிப் பெற்றார்கள். இப்போது, பரிசை அறிவித்த பின் இறந்தால் மட்டுமே விலக்கு.

2011இல் இந்த விதிக்குச் சோதனை வந்தது. ரவுஸ் இருந்த அதே ராக்ஃபெல்லரில், நோய் எதிர்ப்பை முடுக்கிவிடும் டென்ட்ரிடிக் செல்களை 1973இல் கண்டவர் ரால்ஃப் ஸ்டைன்மேன். கணையப் புற்றுநோய் வந்தபோது அந்தச் செல்களைக் கொண்டே தனக்குச் சிகிச்சை செய்துகொண்டார். அக்டோபர் 3 அன்று பரிசு அறிவித்தார்கள். மூன்று நாள் முன்பே அவர் இறந்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. விதி, தெரிந்தே இறந்தவருக்குத் தருவதைத் தடுக்கத்தான். இது நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்று சொல்லி, பரிசு செல்லும் என்றது நோபல் அறக்கட்டளை. நியாயமான தீர்ப்பு.