ஒரு நாளுக்கு ஒரு போல்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "இதில் எதை முதலில் கற்றுக் கொள்வது?" என்பதுதான். கேமராவில் எடுத்த படங்களை நாள் வாரியாக அடுக்கி, உடன் நான்கு வரி எழுதி வைக்கும் பழக்கத்தை முதல் பாடமாக வைத்துக் கொள்ளுங்கள் என்பேன். எனக்கு இது கம்ப்யூட்டர் பாடமாக மட்டும் இருக்கவில்லை.

என் மனைவி 2021-ல் இறந்து போனாள். காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்பிய பின், எனக்குத் திங்களும் வியாழனும் ஒன்றாகி விட்டன. மதுரைப் பக்கம் எங்கள் வீட்டிற்குப் பின்னால் ஒரு கண்மாய் இருக்கிறது. மகன் கொடுத்துச் சென்ற சிறிய டிஜிட்டல் கேமராவுடன் காலையில் அங்கு போய் நிற்கத் தொடங்கினேன்.

எதைப் படம் எடுக்கலாம்?

மடையானில் தொடங்குங்கள். குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். தண்ணீர் ஓரத்தில் மீனுக்காக நெடுநேரம் அசையாமல் நிற்கும். ஆளைக் கண்டதும் எளிதில் பறந்து விடாது. படம் எடுக்கையில் ஆப்டிகல் ஜூம் மட்டும் பயன்படுத்தவும். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். அதைப் பிறகு கம்ப்யூட்டரிலேயே செய்து கொள்ளலாம்.

தேதி எங்கே இருக்கிறது?

ஒவ்வொரு படத்தின் பைலுக்குள்ளும் அது எடுக்கப்பட்ட நாளையும் நேரத்தையும் கேமரா எழுதி விடுகிறது. 1995-ல் வெளியான எக்ஸிப் என்னும் வரையறைப்படி இது நடக்கிறது. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸ் தேர்ந்தெடுத்து, டீடெய்ல்ஸ் டேபில் கிளிக் செய்திடவும். அங்கு டேட் டேக்கன் என்ற வரியில் தேதி கிடைக்கும். பைலைக் காப்பி செய்தாலும் இந்தத் தேதி மாறாது. ஆனால் கேமராவின் கடிகாரம் தவறாக இருந்தால் இதுவும் தவறாகவே பதிவாகும். எனவே முதலில் கடிகாரத்தைச் சரி செய்திடவும்.

போல்டருக்குப் பெயர்

பிக்சர்ஸ் போல்டருக்குள் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு போல்டர் உருவாக்கி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் கொடுங்கள். எடுத்துக்காட்டாக, 2022-01-09. பெயர்ப்படி வரிசைப்படுத்தினாலே நாள் வரிசை கிடைத்து விடும். நாளை முதலில் எழுதினால், எல்லா மாதத்தின் 9-ஆம் தேதிகளும் ஒன்றாகச் சேர்ந்து விடும்.

நான்கு வரி

நோட்பேடைத் திறந்து எப்5 கீயை அழுத்தினால் அன்றைய நேரமும் தேதியும் தானே வந்து விழும். அதன் கீழ் எழுதி, அதே போல்டரில் சேவ் செய்திடவும். தமிழில் எழுதினால், சேவ் செய்கையில் என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎப்-8 இருக்கிறதா எனப் பார்த்துக் கொள்ளுங்கள். இல்லையேல் எழுத்துகள் கேள்விக்குறிகளாகி விடலாம்.

என்ன எழுதுவது என்று எனக்கும் முதலில் தெரியவில்லை. பிறகு, காலையில் வீடு திரும்பியதும் அவளிடம் என்ன சொல்லியிருப்பேனோ அதை எழுதினேன். "மடையான் முதுகு கருஞ்சிவப்பாகி விட்டது. உன் கல்யாணப் புடவை நிறம்." பழுப்புக் கோடுகளுடன் இருக்கும் இப்பறவை, இனப்பெருக்கக் காலத்தில் இப்படி நிறம் மாறும். தேதி வாரியாகப் படங்கள் இருந்ததால், மாற்றம் தொடங்கிய வாரத்தைக் கூட என்னால் கண்டுபிடிக்க முடிந்தது.

பழைய ஆல்பம்

அவளுடைய பழைய போட்டோக்களையும் கேமராவில் படம் பிடித்துச் சேர்த்தேன். இவற்றில் டேட் டேக்கன் வரி, படம் பிடித்த நாளையே காட்டும். அந்த வரியில் கிளிக் செய்து பழைய தேதியைக் கொடுத்து, ஓகே அழுத்தவும்.

கேமரா கார்டிலிருந்து எதையும் அழிக்கும் முன், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டாவது பிரதி எடுத்து வைத்திடவும். ஒரே டிஸ்க்கில் இரண்டு போல்டர்களில் வைப்பது பாதுகாப்பு ஆகாது. டிஸ்க் கெட்டால் இரண்டும் போய் விடும்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் போல்டர்களை எண்ணிப் பார்த்தேன். முதல் மாதத்தில் 4, ஆறாவது மாதத்தில் 23. துக்கம் குறைந்ததா என்று யாராவது கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் 23 காலைகளில் நான் எழுந்து வெளியே போயிருக்கிறேன் என்று கம்ப்யூட்டர் காட்டியது. விட்டுப் போன நாட்களுக்கு வெற்றுப் போல்டர் போட வேண்டாம். அவை இடைவெளியாகவே இருக்கட்டும். அடுத்து எடுக்கும் படத்திற்கு, அந்த நாளின் பெயரில் ஒரு புதிய போல்டர் போதும்.